அப்பாவின் தலையில் விழாத தண்ணீர்

என் அப்பா பரலோகத்தில்தான் இருக்கிறார். இதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. சந்தேகப்பட்டவர்களோடு சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன். தேனி பஜாரில் அப்பா தொடங்கிய உரக்கடையை நடத்துகிற பெண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். யூரியா தட்டுப்பாட்டு நாளில் கடை வாசலில் வந்து நிற்கிற கூட்டத்தைச் சமாளித்துப் பார்த்தால் தெரியும்.

சண்டைக்குக் காரணம் இதுதான்: அப்பா ஞானஸ்நானம் எடுக்காமலே இறந்துபோனார். அவர் கெங்குவார்பட்டியில் தென்னந்தோப்பு வைத்திருந்த இந்துக் குடும்பத்துப் பிள்ளை. அம்மா தேனி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். இரண்டு வீட்டையும் பகைத்துக்கொண்டு கல்யாணம் செய்தார்கள். நான் பிறந்ததும் இரண்டு வீடும் ஆளுக்கொரு கொலுசோடு வந்து சேர்ந்தன. அப்பா மதம் மாறவில்லை, அம்மாவும் மாறச் சொல்லவில்லை.

ஆனால் ஞாயிறு தவறாமல் கோவிலுக்கு வந்தார். அம்மாவை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, தானும் கடைசி பெஞ்சில் உட்காருவார். பிரசங்கம் நீண்டால் நைசாக எழுந்து போய் டீ குடித்துவிட்டு வருவார். அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் சபையில் அவரவர் விளைச்சலைக் கொண்டுவந்து படைப்பார்கள், பிறகு அதை ஏலம் விடுவார்கள். தோப்பிலிருந்து இருக்கிறதிலேயே பெரிய வாழைத்தாரை அப்பா தோளில் சுமந்து வருவார். ஏலத்தில் ஒற்றை எலுமிச்சம்பழத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் ஏற்றி ஏற்றி எடுத்து, அதைச் சபைப் போதகரான ஆயர் கையிலேயே கொடுத்துவிட்டுச் சிரிப்பார். சித்திரையில் வீரபாண்டி அம்மன் கோவில் திருவிழாவுக்கும் தன் அண்ணன் குடும்பத்தோடு போய்விடுவார். இதென்ன இரண்டு படகில் கால் என்று யாராவது கேட்டால், ரெண்டு பக்கமும் நம்ம சொந்தக்காரகதானே என்பார். அவ்வளவுதான் அவருடைய வேதசாஸ்திரம்.

இனி என் தாய்மாமாவைச் சொல்ல வேண்டும். அம்மாவின் ஒரே தம்பி, பாத்திரக்கடையை இப்போது நடத்துகிறவர். பல வருடங்களுக்கு முன் எங்கள் பழைய கல் கோவிலை விட்டுவிட்டு, பெரியகுளம் ரோட்டில் ஒரு ஹாலில் கூடுகிற சபையில் சேர்ந்தார். குழந்தையில் நெற்றியில் தெளித்ததெல்லாம் ஞானஸ்நானம் ஆகாது என்று, ஐம்பது வயதில் முல்லையாற்றில் முழுகி எழுந்தார். அதிலிருந்து யார் செத்தாலும் மாமாவுக்கு முதல் கேள்வி, ஆள் முழுக்கு எடுத்தவரா என்பதுதான். கெட்டவராக இருந்தால் சுலபமாக ஒதுக்கிவிடலாம். என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர், என் கல்யாணத்துச் சீர்ப் பாத்திரம் முழுவதும் அவர் கொடுத்தது. நல்ல மனுஷன், அதுதான் பெரிய தொல்லை.

போன வருடம் அப்பாவுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. தேனியிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் நாள் காலையில் டாக்டர், சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். அம்மா நேராக அப்பாவின் கட்டிலருகே போய், நாற்பது வருடமாகக் கேட்காததைக் கேட்டாள். அப்பா மாஸ்க்கை விரலால் விலக்கினார்.

"ஒனக்கு மனசு நெறையும்னா ஊத்தச் சொல்லு" என்றார்.

சாயங்காலம் பார்வை நேரத்தில் ஆயர் வந்தார். கையில் சின்ன வெள்ளிக் கிண்ணம், அதில் தண்ணீர். அதே நேரத்தில் மாமாவும் வந்தார். விஷயம் தெரிந்ததும் அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. மச்சானுக்காக எத்தனை வருடம் ஜெபித்திருப்பார். ஆனால் கிண்ணத்தைப் பார்த்ததும் மலர்ந்த முகம் மாறியது. இவ்வளவு காலம் காத்திருந்து கடைசியில் தெளிப்பா, அது செல்லாது என்றார். ஆயர் பொறுமையாக விளக்கினார். மாமா கேட்கவில்லை. கடைக்குப் போன் போட்டு, இருக்கிறதிலேயே பெரிய நீலத் தொட்டியை ஆட்டோவில் ஏற்றி அனுப்பச் சொன்னார். ஆக்சிஜனை ஒரே ஒரு நிமிஷம் கழற்றினால் போதும், நாலு பேர் பிடித்து முக்கி எடுத்துவிடலாம் என்றார். இதைக் கேட்ட நர்ஸ் எங்கள் எல்லோரையும் வராந்தாவுக்குத் துரத்திவிட்டாள்.

வராந்தாவில் சண்டை பெரிதாயிற்று. நான் சும்மா இருந்தேனா? இருக்கவில்லை. எல்லோரையும்விட என் சத்தம்தான் அதிகம். இயேசுவின் பக்கத்துச் சிலுவையில் தொங்கி, அன்றைக்கே பரலோகம் போன கள்ளன் எந்தத் தொட்டியில் முழுகினான், சொல்லுங்கள் மாமா என்று கத்தினேன். அவன் கதை வேறு என்று மாமா கத்தினார். ஆயர் மாமாவுக்கு ஒரு வசனம் சொன்னால், மாமா ஆயருக்கு இரண்டு வசனம் சொன்னார். அம்மா நடுவில் நின்று இரண்டு பக்கமும் கைகூப்பிக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் இருக்கும். நர்ஸ் கதவைத் திறந்து அம்மாவை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். அம்மா போவதற்குள் அப்பா போய்விட்டிருந்தார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது. கீழே ஆட்டோவிலிருந்து தொட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆயர் கிண்ணத்துத் தண்ணீரை என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னலோரம் இருந்த செடியில் ஊற்றினார். நாற்பது வருடம் கூடவே இருந்த மனுஷன், பக்கத்தில் எங்களில் ஒருவரும் இல்லாமல் செத்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வருகிறது.

ஞானஸ்நானம் பெறாதவருக்குச் சபைக் கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை. பெரியப்பா வந்து தம்பியைக் கெங்குவார்பட்டிக்குக் கொண்டுபோனார். சொந்தத் தோப்பிலேயே, வாய்க்கால் ஓரத்தில் அடக்கம் செய்தார்கள். ஆயர் அங்கி போடாமல் சாதாரணச் சட்டையில் வந்து, சடங்குகள் முடிந்து கூட்டம் கலைந்தபின் குழிமேட்டருகே நின்று ஜெபித்துவிட்டுப் போனார். மாமா தோப்புக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, ஒனக்குப் பொய்யான ஆறுதல் சொல்ல எனக்கு மனசு வரல. மச்சான் அங்கன, பரலோகத்துல இல்ல" என்றார்.

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தேன். அம்மா அழவில்லை. மாமாவுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். ஆனால் அடுத்து வந்த நற்கருணை ஞாயிற்றில் அப்பமும் திராட்சை ரசமும் வாங்க எல்லோரும் எழுந்து முன்னால் போனபோது அவள் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். உடம்புக்கு என்ன என்று கேட்டேன். அவுகளுக்கு இல்லாத விருந்து எனக்கெதுக்கு என்றாள். அடுத்த மாதமும் அப்படித்தான், அதற்கடுத்த மாதமும் அப்படித்தான். சின்ன வயதில் திடப்படுத்தல் முடித்து முதல் நற்கருணை எடுத்த நாளிலிருந்து அம்மா நற்கருணையை விட்டதே கிடையாது. நான் பயந்துபோனேன்.

அதன்பின் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். அவுக அங்கன இருப்பாகளா? சுற்றி வளைக்காமல், காய்கறி விலை கேட்பது போலக் கேட்டாள். பதில் ஆளுக்கொன்றாக வந்தது. கடவுளுடைய இரக்கத்துக்கு நாம் வேலி போட முடியாதம்மா என்றார் ஆயர். அப்பத் தெரியாதுன்னு சொல்றீக என்றாள் அம்மா. சபையின் உபதேசியார், யாருமே இன்னும் பரலோகம் போகவில்லை, நல்லவர் கெட்டவர் எல்லோரும், செத்தவர்களை எழுப்புகிற கடைசி எக்காளம் ஊதும்வரை நித்திரையில்தான் இருக்கிறார்கள் என்றார். எதிர்வீட்டு அக்காவுக்கு ராயப்பன்பட்டிப் பக்கம், ஆர்.சி. என்கிற கத்தோலிக்கக் குடும்பம். அவர்கள் அப்பாவை, பாவக் கறை போகும்வரை காத்திருக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் வைத்து, சீக்கிரம் வெளியே வரட்டும் என்று பூசைக்கும் கொடுத்துவிட்டு வந்தார்கள். கம்பம் வண்டி எப்போது என்று பஸ் ஸ்டாண்டில் மூன்று பேரிடம் கேட்டால் மூன்று நேரம் சொல்வார்களே, அது போலத்தான். பெரியப்பாவிடமும் அம்மா கேட்டாள். அவன் எங்க போவான், இந்தத் தோப்பச் சுத்திக்கிட்டுத்தான் கெடப்பான் என்று அவர் சொல்லிவிட்டார். இருந்த பதில்களில் அம்மா கொஞ்சம் தெளிந்தது அதில்தான்.

எனக்கோ இவர்கள் எல்லோர்மேலும் கோபம். அப்பாவைத் தெரிந்த ஒருவருக்கு இந்தக் கேள்வியே எப்படி வருகிறது? கடனுக்கு உரம் வாங்கிப் பயிர் கருகிப்போனவன் வாசலில் போய் ஒரு நாளும் நிற்காதவர். மாமா தொழிலில் நொடித்துக் கிடந்தபோது, கூப்பிடாமலே போய்த் தினமும் கடையைத் திறந்து உட்கார்ந்தவர். இப்படிப்பட்ட ஆளை உள்ளே விடாத இடம் ஒன்று இருந்தால், அங்கே எனக்கும் வேலை இல்லை. இதை அம்மாவிடம் பல தடவை சொன்னேன். நீ மகள், அப்படித்தான் சொல்லுவ என்றாள்.

வருடம் திரும்பியது. நினைவு நாளுக்கு வீட்டில், அப்பாவுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லி ஒரு ஸ்தோத்திர ஜெபம் வைக்க வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டாள். அதற்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்கு வந்திருந்த மாமாவிடம் சொன்னாள். மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே, உங்களுக்காக ஜெபிக்கலாம், மச்சானுக்காக ஸ்தோத்திரம் சொல்ல முடியாது, சொன்னால் அது பொய்யாகிவிடும் என்றார். அம்மா கையில் ரசக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, நீங்க சொல்றதே நெசம்னு வச்சுக்குவோம். எங்கப்பா நரகத்துலதான் இருக்காக. அனுப்புனது யாரு? தண்ணியோட ஆயர் நின்னாக. தலையக் குடுக்க அப்பா ரெடியா இருந்தாக. தடுத்தது நீங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. மாமா பதிலுக்குக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை. சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எனக்குத் தெரியாதா ஆத்தா? ஒரு வருசமா அதத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். அங்கனதான் இருக்காகன்னு சொல்லணும்னு எனக்கு மட்டும் ஆசை இல்லையா? அப்படிச் சொன்னா நான் செஞ்ச தப்ப மறைக்கிற மாதிரி இருக்கு. அதான் வாய் வரல."

அறுபது வயதைத் தாண்டிய ஆள், எச்சில் கையோடு அழுதார். ஒரு வருடமாக மாமா எங்களுக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்திருந்தேன். அவர் தனக்கே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே வடிந்துவிட்டது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில், இந்த வயதிலும் ஓர் அறை விழுமோ என்று தோன்றியது. சாப்பிடுகிற ஆளிடம் பேசுற பேச்சா இது என்று என்னைத் திட்டினாள். பிறகு மாமாவின் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

சபைக் கல்லறைத் தோட்டத்தில் தாத்தாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அம்மாவுக்கென்று ஓர் இடம் உண்டு. தாத்தா இருக்கும்போதே கேட்டு வாங்கி, கல் நட்டு வைத்தது. அந்த இடத்தை நீ எடுத்துக்கொள் என்று அம்மா மாமாவிடம் சொன்னாள். முந்தின வாரம் வத்தலக்குண்டு பஸ் ஏறிக் கெங்குவார்பட்டிக்குப் போனாளாம். அப்பாவுக்குப் பக்கத்தில் தனக்கு ஆறடி வேண்டும் என்று பெரியப்பாவிடம் கேட்டாளாம். அவர் அப்போதே மண்வெட்டியால் கோடு கிழித்துக் காட்டிவிட்டாராம். எனக்கே இது புதுச் செய்தி. பெரியகுளத்துக்குத் துணி எடுக்கப் போவதாகத்தான் என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

மாமாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அழுகையெல்லாம் நின்றுவிட்டது. பரிசுத்தவான்கள் கிடக்கிற இடத்தை விட்டுவிட்டு, ஜெபம் இல்லாத தோப்பில் போய்ப் படுப்பதா, எக்காளம் ஊதுகிற அன்றைக்கு அங்கே யாரோடு எழுந்திருப்பாய் என்று கேட்டார். உண்மையான பயத்தோடுதான் கேட்டார்.

"அதுக்குத்தான்லே போறேன்" என்றாள் அம்மா. "ஒம் மச்சான் தானா எந்திரிக்கிற ஆளா? நாப்பது வருசம் நான் தொட்டு உசுப்பாம ஒரு நாளு எந்திரிச்சதில்ல. எக்காளத்துக்கா எந்திரிக்கப் போறாக? பக்கத்துல நான் இருக்கணும். எழுப்பி, கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருவேன். அவுகளத் தெரியாதுன்னு வாசல்ல யாராச்சும் சொன்னா, எனக்குத் தெரியும்னு சொல்லிக்கிறேன்."

எதிர்த்துச் சொல்ல மாமாவிடம் எத்தனையோ வசனங்கள் உண்டு. அன்றைக்கு அவர் ஒன்றையும் எடுக்கவில்லை. தட்டில் காய்ந்துபோயிருந்த கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அக்கா, மச்சான எழுப்புறப்ப, நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுவியா?"

அம்மா எழுந்து, அவர் தட்டில் சூடாக இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

"நீயே சொல்லிக்கலே. நீயும் அங்கனதான இருப்ப."