குறுக்குத்துறையில் வந்த பதில் குரல்

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருநெல்வேலி குறுக்குத்துறை ஆற்றில் நடந்தது இது.

நான் பிறந்தது இலங்கை மலைநாட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்தில். நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கையோடு எங்கள் குடும்பம் கப்பலேறி இந்தியா வந்துவிட்டது. அதோடு என் படிப்பும் முடிந்தது. இப்போது பாளையங்கோட்டையில் ஒரு காய்கறிக் கடையில் எடை போடுகிறேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் பேசக் கூச்சப்படுகிற ஆள் நான். ஆனாலும் தோட்டத்தில் கூடப் படித்த மூன்று பேரோடு மட்டும் தொடர்பு விட்டுப்போகவில்லை. முதலில் கடிதம், பிறகு போன். ஒருதரம் எல்லாரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தோம். அதற்குள் ஒருவன் மண்சரிவில் போய்விட்டான். இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று மற்ற இருவரும் சனி, ஞாயிறு இருந்துவிட்டுப் போக இலங்கையிலிருந்து விமானம் ஏறி வந்தார்கள்.

வந்தவர்களில் ஒருவன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவன். மிஷின் சத்தத்தில் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது. மண்ணைத் தோண்டி அந்த நண்பனை வெளியே எடுத்தவர்களில் இவனும் ஒருவன். இன்னொருவன் பஸ் டிரைவர். சனிக்கிழமை டவுன் ரத வீதிகளைச் சுற்றிவிட்டு என் வீட்டில் சாப்பிட்டோம்.

"இவன் உங்ககிட்டயாவது வாயத் திறப்பானா, தங்கச்சி?" என்று டிரைவர் என் மனைவியிடம் கேட்டான்.

"கலியாணத்துக்குச் சரின்னு சொன்னாவ. அதோட சரி" என்றாள் அவள்.

மறுநாள் விடிந்ததும் மூவரும் ஆற்றுக்குப் போனோம். பனி மூடிக் கிடந்தது. ஆற்றுக்குள் நிற்கும் கல்மண்டபம் பாதிதான் தெரிந்தது. மழை முடிந்த சமயம், தண்ணீர் நிறையப் போனது. நாங்கள் இருவரும் குளித்துப் படிக்கட்டு ஏறிவிட்டோம். டிரைவர் மட்டும் மண்டபத்துக்கு அந்தப் பக்கம் போயிருந்தான்.

தோட்டத்தில் பள்ளிக்கூடம் போகும் வழியிலும் இப்படித்தான் பனி மூடும். முன்னால் போகிறவன் "கூ" என்பான். பின்னால் வருகிறவர்கள் ஒவ்வொருவராகப் பதில் கொடுக்க வேண்டும். எல்லாக் குரலும் வந்தால்தான் மேலே நடப்போம். செத்துப்போன நண்பன் மட்டும் அதை இரண்டாக வெட்டி "கூ... க்கூ" என்று குரலை மேலே தூக்கி முடிப்பான்.

தொழிற்சாலை நண்பன் அந்த ஞாபகத்தில் சிரித்துக்கொண்டே "கூ..." என்று கூப்பிட்டான்.

மண்டபத்துக்குப் பின்னால் இருந்து பதில் வந்தது. "கூ... க்கூ."

"இருக்கான் மச்சான்" என்று சொல்லிவிட்டு அவன் துண்டை உதறித் தலையைத் துவட்ட ஆரம்பித்தான். குரல் வந்தது மட்டும்தான் அவன் காதில் விழுந்திருக்கிறது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அது டிரைவர் கூப்பிடுகிற விதமே இல்லை. விளையாட்டுக்குச் செத்துப்போனவனைப்போலக் கூப்பிட்டிருப்பானோ? மண்ணைத் தோண்டியவனிடம் போய் இதை எப்படிச் சொல்வது? மண்டபத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீர்ச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. பிறகு என்னையறியாமல் டிரைவரின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பதிலே வரவில்லை. மறுபடியும் கத்தினேன். அப்படியே தண்ணீரில் இறங்கி ஓடினேன்.

மண்டபத்துக்குப் பின்னால் அவன் கால் இரண்டு பாறைகளுக்கு நடுவே மாட்டியிருந்தது. ஒரு கல்தூணைக் கட்டிப்பிடித்து, முகத்தை வானத்தைப் பார்க்கத் தூக்கி வைத்திருந்தான். தண்ணீர் வாய்வரைக்கும் ஏறி இறங்கியது. என் கூச்சல் கேட்டு, எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவர் ஓடிவந்தார். தொழிற்சாலை நண்பனும் பின்னாலேயே வந்துவிட்டான். மூவரும் சேர்ந்து அவன் காலை விடுவித்துக் கரையேற்றினோம்.

டிரைவருக்கு மூச்சு வந்ததும், பதில் கொடுத்தது நீதானே என்று கேட்டேன். அவன் சொன்னான்: "நான் எங்கடா கூப்பிட்டேன்? வாயத் திறந்தா தண்ணி. துண்ட உதறுற சத்தம்கூடக் கேட்டுச்சு. போயிடப் போறீங்கன்னு நெனச்சேன்."

நான் எருமைக்காரரைப் பார்த்தேன். "அண்ணாச்சி, நீங்க சத்தம் குடுத்தியளா?"

"நான் எதுக்குவே குடுக்கப் போறேன்? எனக்கும் கேட்டுது. அங்கன மண்டபத்துக்குள்ள இருந்துதான் வந்துது. ஒங்க ஆளுன்னுலா நெனச்சேன்."

மண்டபத்துக்குள் ஈரக் கல்லைத் தவிர ஒன்றுமில்லை.

எப்படிப்பட்ட குரல் என்று தொழிற்சாலை நண்பன் என்னிடம் கேட்டான். சொன்னேன். அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். பனி விலகும்வரை யாரும் அவனை எழுப்பவில்லை.

அன்று மாலையே இருவரும் ஊருக்குக் கிளம்பினார்கள். அந்தக் குரல் எங்களைக் கூப்பிட்டதா, எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஏமாற்றப் பார்த்ததா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் யாராவது சத்தமில்லாமல் இருந்தால், நன்றாகத்தான் இருப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டு நின்றுவிடுவதில்லை. எவ்வளவு கூச்சமாக இருந்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துவிடுகிறேன்.