ஆர்டிஸின் இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது

ஆர்டிஸ் ஓல்ஸ்டாட் அடைத்த தோட்டாக்களைப் பற்றி நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவது இதுதான்: பத்துத் தோட்டா சுட்டால் பத்துக் குண்டும் ஒரே வேகத்தில் போகும், முதல் குண்டுக்கும் பத்தாவதுக்கும் விநாடிக்கு ஓரடிகூட வித்தியாசம் இருக்காது, பின்னால் வரும் குண்டு முன்னால் போன குண்டின் ஓட்டைக்குள் நுழைந்து, கதவைத் திறந்து வைத்ததற்கு நன்றி சொல்லிவிட்டுப் போகும். கொஞ்சம் ஊதித்தான் சொல்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். குண்டு நன்றி சொல்லாது. மற்றதை நான் இதுவரை விட்டுக்கொடுத்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கில் ஆர்டிஸுக்கு வயது ஐம்பத்திரண்டு. மொன்டானாவின் வடக்கு ஓரத்தில், கோதுமைக்கும் காற்றுக்கும் நடுவே கிடக்கிற எங்கள் ஹாஸ்கினில் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். வீட்டுக்கு வீடு மூன்று மைல். ஒரு வாசலுக்கு ஏழு பதினெட்டு என்றால் ஏழு பதினெட்டுதான். பனி பெய்தாலும் அதே, பன்றி குறுக்கே வந்தாலும் அதே. அவள் வண்டியைப் பார்த்துச் சுவர்க் கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட குடும்பங்கள் உண்டு.

துப்பாக்கி சுடுவது அவள் அப்பா வீட்டிலேயே பழகியது. தோட்டா அடைக்க வந்ததற்குக் காரணம் அதே பேருந்து. ஒரு ஜனவரியில் வண்டி வழுக்கிப் பள்ளத்தில் சாய்ந்தது. பிள்ளைகள் ஒருவருக்கும் கீறல் இல்லை. ஆர்டிஸின் வலது காறை எலும்பு மட்டும் இரண்டாகப் போயிற்று. எலும்பு கூடிய பிறகு கடைத் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் தோளில் குதிரை உதைப்பதுபோல் இருந்தது. சுடுவதை விடுவதற்கு அவளுக்கு மனமில்லை. துணி துவைக்கும் அறையில் ஒரு மேசையைப் போட்டாள். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைக் கழுவினாள். கைப்பிடி வைத்த பிரஸ்ஸில் அழுத்தி மறுபடி வடிவத்துக்குக் கொண்டுவந்தாள். அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியான பிரைமரைப் புதிதாக வைத்தாள். சின்னத் தராசில் வெடிமருந்தைத் துகள் துகளாக நிறுத்துப் போட்டாள். மேலே குண்டைப் பொருத்தினாள். தோட்டா அடைக்கும் கையேட்டுப் புத்தகம் சொல்லும் உச்ச அளவுக்கு வெகுதூரம் கீழேயே நின்றுகொண்டாள். குண்டு மெதுவாகப் போனாலும் பரவாயில்லை, ஒன்றுபோல் போகவேண்டும் என்பது அவள் கட்சி.

வேகத்தை எப்படி அறிந்தாள்? படுக்கை விரிப்பால். இருநூறு மீட்டருக்குக் குறியைச் சரிசெய்த துப்பாக்கியால், குறியை மாற்றாமலே ஐந்நூறு மீட்டரில் தொங்கவிட்ட வெள்ளை விரிப்பின் மேல்முனையைப் பார்த்துச் சுடுவாள். குண்டு எவ்வளவு கீழே இறங்கி விழுந்திருக்கிறது என்று தையல் டேப்பால் அளப்பாள். மெதுவான குண்டு அதிகம் இறங்கும், வேகமான குண்டு குறைவாக இறங்கும். ஆறடிக்குக் கொஞ்சம் குறைவாக வந்த அந்த இறக்கத்தைப் புத்தகத்து அட்டவணையில் வைத்துப் பார்த்து, டப்பாவின் மேல் பேனாவால் எழுதினாள்: விநாடிக்கு 2640 அடி.

ஹாஸ்கின் குழுவில் நான்கு பேர். ஆர்டிஸ், தானியக் கிடங்கு மேலாளர் வெண்டல் ப்ரோக்ஸ், சாப்பாட்டுக் கடை நடத்தும் டாட்டி ஃபின்க், லூத்தரன் சபையின் பாஸ்டர் ஹாலண்ட். ஒவ்வொரு ஜூன் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் பக்கத்து ஊர் டல்லியோடு போட்டி. இரும்புத் தகட்டில் வெட்டிய செம்மறிக் கடாக்கள் ஐந்நூறு மீட்டரில் வரிசையாக நிற்கும். எதன்மேலும் சாயாமல் நின்றபடி சுடவேண்டும். கடா கீழே விழுந்தால்தான் கணக்கு. மணிபோல் ஒலித்துவிட்டு நின்றால் பூஜ்யம். ஆறு வருடமாக நால்வருக்கும் போட்டித் தோட்டா அடைத்தது ஆர்டிஸ்தான். மருந்து மிஞ்சினால் துப்பாக்கி முகத்திலேயே வெடிக்கும் என்று தெரிந்தும், மற்ற மூவரும் தங்கள் கன்னத்தை அவள் வேலைக்குப் பின்னால் வைத்துச் சுட்டார்கள். அதைவிடப் பெரிய மரியாதை ஒன்று இருப்பதாக அவள் நினைக்கவில்லை.

அந்த மே மாதம் வெண்டல், தபாலில் வேகம் அளக்கும் பெட்டி ஒன்றை வரவழைத்தான். குண்டைப் பார்க்கும் இரண்டு மின்கண்களை ஒரு பலகையில் சரியாக இரண்டடி இடைவெளியில் நாமே முடுக்கிக்கொள்ள வேண்டும். குண்டு முதல் கண்ணைக் கடந்து இரண்டாவதைக் கடக்கும் நேரத்தைப் பெட்டி எண்ணி, வேகத்தைச் சிவப்பு எழுத்தில் காட்டும். எல்லாரும் வரிசையில் நின்று சுட்டுப் பார்த்தார்கள். எல்லாருக்கும் நினைத்ததைவிட நூறடிக்கு மேல் அதிகம் காட்டியது. வெண்டலின் சொந்தத் தோட்டா இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். ஒரு மாதம் ஊரில் ஆண்கள் நெஞ்சை முன்னால் தள்ளி நடந்தார்கள். தன்னைப் புகழ்கிற இயந்திரத்தை யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை.

போட்டிக்கு முந்திய செவ்வாய்க்கிழமை, ஆர்டிஸின் போட்டித் தோட்டாவைப் பெட்டிக்கு மேலாகச் சுட்டார்கள்.

"ஆர்டிஸ், டப்பா மேல ரெண்டாயிரத்து அறுநூத்து நாப்பதுன்னு எழுதியிருக்க. மெஷின் எழுநூத்து அம்பத்தஞ்சுங்குது" என்றான் வெண்டல்.

"அப்ப மெஷின் தப்பு."

"மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது. இந்தக் குண்டுக்குப் புஸ்தகத்துல போட்டிருக்கற உச்சமே ரெண்டாயிரத்து எழுநூறுதான். நீ அதையும் தாண்டி அடைச்சிருக்க. இல்லேன்னா உன் தராசு கெட்டுப் போச்சு."

"சுட்டப்புறமும் துப்பாக்கிப் பூட்டு போல்ட்ட ஒத்த விரல்ல தூக்கலாம் வெண்டல். சுட்ட கூட்ட எடுத்துப் பாரு, பிரைமர் ஓரம் உருண்டையாத்தான் இருக்கு. மருந்து அதிகமா இருந்தா போல்ட்டு இறுகி, பிரைமர் நசுங்கியிருக்குமே?"

"எனக்கு எண்ணூத்து முப்பது காட்டுச்சே" என்றாள் டாட்டி. "அன்னிக்கு யாரும் என் தராசத் திட்டலியே. என் துப்பாக்கிக்கு நல்ல குழல்னு கைதட்டினீங்க."

"நீ உனக்கு மட்டும் அடைக்கற. இவ நாலு பேருக்கு அடைக்கறா. அதுல ஒருத்தர் பாஸ்டர்."

பாஸ்டர் ஹாலண்ட் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "மேல போக நான் எப்பவும் தயாராத்தான் இருக்கேன். ஆனா இந்த ஞாயித்துக்கிழமை வேணாம்னு பாக்கறேன்."

முடிவு இப்படி ஆயிற்று: சனிக்கிழமைக்குள் ஆர்டிஸ் தன் எண்ணை நிரூபிக்கவேண்டும். இல்லாவிட்டால் குழுவுக்குக் கடைத் தோட்டா. அவள் இனி யாருக்கும் அடைக்கக்கூடாது.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேரே போய்த் தராசைத் துடைத்து வைத்தாள் என்று அவள் கணவன் லைல் பிறகு சொன்னான். வெண்டல்மேல் அவளுக்குக் கோபமில்லை. தராசு உண்மையிலேயே கெட்டிருந்தால்? ஆறு வருடம், நான்கு முகங்கள்.

புதன்கிழமை மருந்துக் கடைக்குப் போய், பழைய பித்தளை எடைக்கற்களை வாங்கி வந்து தராசில் வைத்தாள். தராசு ஒரு மயிரிழைகூடத் தப்பவில்லை. வியாழக்கிழமை விரிப்பைத் தொங்கவிட்டுச் சுட்டாள். ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. போன வருடத்து ஓட்டைகளுக்குப் பக்கத்திலேயே புது ஓட்டைகள். இயந்திரம் சொல்லும் வேகம் உண்மையானால், அவை முக்கால் சாண் மேலே இருந்திருக்க வேண்டும். தராசு சரி, விரிப்பு சரி, பெட்டியும் கடையிலிருந்து புதிதாக வந்தது. மூன்றும் சரியாக இருக்க வழியில்லை. ஆனால் விரிப்பைக் காட்டினால் வெண்டல் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும்: காற்று.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு லைல் துணி துவைக்கும் அறையில் கூடு ஜாடிகளுக்கு ஓர் அலமாரித் தட்டு அடிக்கப் புறப்பட்டான். லைல் தச்சன். களஞ்சியம், வேலி, கோழிக்கூடு எல்லாம் கட்டுவான். பேச்சை மட்டும் அளந்து அளந்து வைப்பான். சுவருக்குச் சுவர் இரும்பு டேப்பை நீட்டி, "முப்பத்தேழு" என்று முணுமுணுத்துவிட்டு, பலகையை முப்பத்தாறு அங்குலத்துக்கு அறுத்தான்.

"முப்பத்தேழுன்ன, முப்பத்தாறு அறுக்கற" என்றாள் ஆர்டிஸ்.

"இந்த டேப்புல முப்பத்தேழுன்னா ஊர்ல முப்பத்தாறு."

"என்னது?"

"முனைக் கொக்கி மேல டிராக்டர் ஏறிடுச்சு. நசுங்கினத வெட்டிட்டேன். மொத அங்குலம் அதோட போச்சு. நான் மனசுலயே ஒன்னு கழிச்சுப்பேன்."

"எப்பலேருந்து?"

"ரெண்டு குளிர்காலம் இருக்கும்."

தட்டு சரியாக உட்கார்ந்தது. லைல் ஆணியை வாயில் வைத்துக்கொண்டான். ஆர்டிஸ் சுத்தியலை அவன் கைக்கு எட்டாமல் பிடித்துக்கொண்டாள்.

"லைல், மே மாசம் வெண்டல் டேப்பு கேட்டு வந்தான்ல?"

"ம்."

"இதையா குடுத்த?"

"இரும்பு டேப்பு வீட்ல இது ஒன்னுதான்."

"அங்குலம் போனதச் சொன்னியா?"

லைல் ஆணியை வாயிலிருந்து எடுத்தான். "அவன் கேக்கலியே" என்றான்.

ஆர்டிஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காதிலிருந்த பென்சிலை எடுத்துப் புதுப் பலகையின் மேலேயே கணக்குப் போட்டாள். கண்களுக்கு நடுவே இருபத்து நான்கு அங்குலம் என்று பெட்டி நம்புகிறது. இருப்பதோ இருபத்து மூன்று. குறைந்த தூரத்தைக் குண்டு சீக்கிரம் கடக்கிறது, பெட்டி அதைப் பெரிய வேகம் என்று நினைக்கிறது. இரண்டாயிரத்து எழுநூற்று ஐம்பத்தைந்தை இருபத்து மூன்றால் பெருக்கி, இருபத்து நான்கால் வகுத்தாள். இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது. அந்தக் கணக்கு இன்றைக்கும் அந்தத் தட்டில் இருக்கிறது. வர்ணம் பூச அவள் விடவில்லை. சிரித்துச் சிரித்து அவளுக்குக் காறை எலும்பு வலித்தது. லைல் சுத்தியலுக்காகக் கையை நீட்டியபடியே நின்றான்.

சனிக்கிழமை காலை சுடும் திடலுக்கு அவள் மூன்று பொருள்களோடு போனாள்: தோட்டா டப்பா, ருபார்ப் தண்டு வைத்து அடுப்பில் சுட்ட பலகாரம் ஒன்று, சபையில் ஒட்டுப்போர்வை தைக்கும் பெண்களின் ஒரு கெஜ மரக்கோல். கோலை பாஸ்டர் கையில் கொடுத்து வைத்தாள்.

"வெண்டல், மொதல்ல சுடு. எழுநூத்து அம்பத்தஞ்சுக்குப் பக்கத்துல வரும்."

வந்தது. "நீயே ஒத்துக்கிட்டயா?" என்றான் வெண்டல்.

"இப்ப மெஷினுக்குக் கண்ணாடி மாட்டுவோம். பாஸ்டர், அந்த ரெண்டு கண்ணுக்கும் நடுவுல அளந்து சொல்லுங்க. நீங்க சொன்னா ஊரு நம்பும்."

பாஸ்டர் முழங்காலிட்டு அளந்தார். மறுபடி அளந்தார். "இருபத்து மூணு" என்றார்.

"இருபத்து நாலு. நானே அளந்தேன்" என்றான் வெண்டல்.

"யாரு டேப்பால?" என்றாள் ஆர்டிஸ்.

எல்லாரும் லைலைப் பார்த்தார்கள். லைல் பலகாரத்தில் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தான். பதில் சொல்லமுடியாத அளவுக்குப் பெரிய துண்டு.

டாட்டிதான் முதலில் கணக்குப் போட்டாள். "அப்ப என் எண்ணூத்து முப்பது?"

"எழுநூத்துப் பன்னெண்டு" என்றாள் ஆர்டிஸ், யோசிக்காமல்.

"என் தொள்ளாயிரம்?" என்றான் வெண்டல் மெல்ல.

"எழுநூத்து எண்பதுக்கு ஒன்னு கம்மி."

"பாஸ்டர்," என்றாள் டாட்டி, "செத்துப்போன வேகத்துக்கெல்லாம் அடக்க ஆராதனை உண்டா? ஊரு முழுக்கத் துக்கம்."

வெண்டல் சிரிக்கவில்லை. குந்தி உட்கார்ந்து, திருகுகளைத் தளர்த்தி, கெஜக்கோலை வைத்துக் கண்களைச் சரியாக இரண்டடிக்கு நகர்த்தினான். பிறகு ஆர்டிஸின் டப்பாவிலிருந்து பத்துத் தோட்டா எடுத்து, தன் துப்பாக்கியில் போட்டு, தன் கன்னத்தை வைத்து, ஒன்றொன்றாகச் சுட்டான். ஒவ்வொரு சிவப்பு எண்ணையும் சட்டைப்பை நோட்டில் எழுதினான். கூட்டி வகுத்துவிட்டு, நோட்டை அவள்பக்கம் திருப்பிக் காட்டினான். சராசரி இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்று.

"ஒரு அடி தப்பு பண்ணிட்டியே ஆர்டிஸ்" என்றான்.

"விரிப்பு துவைச்சதுல கொஞ்சம் சுருங்கியிருக்கும்."

அப்போதுதான் அவன் சிரித்தான். டப்பாவை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "நாளைக்கு நாலு பேருக்கும் இதுதான். இனிமே வேகம்னா உன்னைக் கேட்டுட்டுத்தான் மெஷினக் கேப்பேன்."

ஆனால் அவனுக்கு இன்னொன்று உறைத்தது. மே மாதத்திலிருந்து அவன் குண்டுகள் கடாக்களின் முழங்காலிலேயே பட்டு, ஒலியோடு நின்றுபோய்க்கொண்டிருந்தன; காற்றைத் திட்டிக்கொண்டிருந்தான். பொய் வேகத்தை நம்பிக் குறியைத் தாழ்த்தி வைத்ததுதான் காரணம். அன்று மதியம் ஆர்டிஸ் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, உண்மையான எண்ணுக்குக் குறியை உயர்த்திக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை டல்லிக்காரர்கள் விலையுயர்ந்த கடைத் தோட்டாக்களோடு வந்தார்கள். பத்துக் கடாவில் வெண்டல் ஏழு சாய்த்தான். அவன் வாழ்நாளில் அதுவே முதல் முறை. டாட்டி நான்கு, பாஸ்டர் ஐந்து. கடைசியாக ஆர்டிஸ் எழுந்தபோது ஜெயிக்க ஆறு தேவை. அவள் பேருந்து நிறுத்துவதுபோல் நின்றாள்: அவசரமில்லை, தாமதமுமில்லை. ஒன்று விழுந்தது. அடுத்தது விழுந்தது. மூன்றாவது ஆடி, யோசித்து, விழுந்தது. எட்டுக் கடா தலைகுப்புறக் கிடந்தபோது டல்லியின் தலைவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து, "அம்மா, இந்தத் தோட்டா எங்க கெடைக்கும்?" என்றார்.

"என் வீட்டுத் துணி துவைக்கற ரூம்ல" என்றாள் ஆர்டிஸ். "ஆனா அளவு கேட்டு என் புருஷன்கிட்டப் போயிடாதீங்க."

அதன்பின் பதினேழு வருடம் ஹாஸ்கின் குழு வேறு யார் தோட்டாவையும் சுடவில்லை. இதை நான் டாட்டியின் கடையில் உட்கார்ந்து எழுதி முடித்து, சத்தமாக வாசித்துக் காட்டினேன். முதல் பத்தி முடிந்ததுமே பக்கத்து மேசையில் வெண்டல் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்து, நைந்துபோன அந்தப் பழைய சட்டைப்பை நோட்டை எடுத்தான். நான் வாசித்து முடிக்கும்வரை விரலை ஒரு பக்கத்தில் வைத்துக் காத்திருந்தான்.

"பதினொரு அடி, டீச்சர்" என்றான். "பத்துக் குண்டுல ரொம்ப வேகமானதுக்கும் ரொம்ப மெதுவானதுக்கும் பதினொரு அடி வித்தியாசம். இதோ இருக்கு. ஓரடிகூட இல்லன்னு எழுதாதீங்க, அவளுக்குக் கோவம் வரும்."