இன்பாக்ஸ் வாங்க

அந்தக் குழுவில் நான் சேர்ந்தது இட்லி மாவுக்காக. பெரிய லட்சியமெல்லாம் ஒன்றும் இல்லை. கல்யாணமாகி சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வந்த நாளிலிருந்து இந்த ஊர்க் குளிரோடு எனக்கு எல்லாம் ஒத்துப்போனது, மாவைத் தவிர. மார்கழியில் சாயங்காலம் ஆட்டி வைத்தால் மறுநாள் மத்தியானம் வரைக்கும் அப்படியே கிடக்கும். என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "அதுக்கும் குளுருதோ என்னமோ, உடு" என்பார். பற்றிக்கொண்டு வரும்.

சேலம் மாவட்டத்துப் பெண்களுக்கென்று போனில் ஒரு குழு இருக்கிறது, என்ன கேட்டாலும் சொல்கிறார்கள் என்று பஜாரில் ஜாக்கெட் தைக்கிற பெண்தான் என்னைச் சேர்த்துவிட்டாள். குளிரில் மாவு புளிக்க என்ன செய்வது என்று எழுதிப் போட்டேன். என் ஆயுசில் ஒரு கேள்விக்கு அத்தனை பேர் எனக்குப் பதில் சொன்னதில்லை. கம்பளியைச் சுற்று, அரிசி டிரம்முக்குள் இறக்கி வை, வெந்தயத்தைக் கூட்டிப் போடு என்று ஆளுக்கொன்று. ஒருத்தர் மட்டும் திருப்பிக் கேட்டிருந்தார்: "உங்க ஊட்டுல எந்த மூலை சூடா இருக்கும் கண்ணு?" யோசித்துப் பார்த்தேன். எங்களுக்குக் காபித்தூள் கடை, கடைக்குப் பின்னால்தான் வீடு. சாயங்காலம் கொட்டையை வறுத்து அரைத்து முடித்த பிறகு மிஷின் பக்கம் வெகுநேரம் கதகதவென்றிருக்கும். பாத்திரத்தை அங்கே கொண்டுபோய் வைத்தேன். காலையில் மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. அதைப் படம் எடுத்துப் போட்டு, "நொம்ப நன்றிங்கக்கா" என்று எழுதினேன். அப்படித்தான் அவர் எனக்கு அக்காவானார்.

அக்காவுக்கு வீடு சேலத்தில். அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது. எந்தப் பல் டாக்டர் வீணாகப் பல்லைப் பிடுங்க மாட்டார், எந்தக் கடையில் புடவைக்கு ஃபால்ஸ் ஒழுங்காக வைத்துத் தருவார்கள், குழந்தைக்குச் சளி பிடித்தால் எப்போது பயப்பட வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பார். நாலு பேர் முன்னால் பேச முடியாத சமாச்சாரமென்றால், கேள்விக்குக் கீழே "இன்பாக்ஸ் வாங்க" என்று மட்டும் போடுவார். தனியே போய்க் கேட்டால் தனியே பதில் வரும். அந்த இரண்டு வார்த்தையைப் பார்க்கும்போதெல்லாம், யாரோ ஒருத்திக்கு இன்றைக்கு நெஞ்சுப் பாரம் குறையும் என்று நினைத்துக்கொள்வேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. மலை ஏறும்போது வாந்தி வராமலிருக்க பஸ்ஸில் எங்கே உட்கார வேண்டும், ஏரிப் பக்கம் எந்த லாட்ஜில் நிஜமாகவே வெந்நீர் வரும், மிளகு நல்ல மிளகுதானா என்று எப்படிப் பார்ப்பது என்று ஏற்காட்டைப் பற்றி யார் கேட்டாலும் பதில் என்னுடையதுதான். ஊரில் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. அங்கே கேட்டார்கள். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

என் மகள் காலேஜ் கடைசி வருஷம் படிக்கும்போது வகுப்பிலேயே வலிப்பு வந்து விழுந்தாள். யாரோ கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்களாம். அடுத்த மாதம் இன்னொரு முறை, வீட்டில், என் கண் முன்னால். அதை விவரமாக எழுத எனக்கு இப்போதும் கை வரவில்லை.

எங்கள் பக்கம் வலிப்பு என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஒரு பெண்ணுக்கு வந்தது என்று தெரிந்துவிட்டால் அப்புறம் அவளுக்கு அதுதான் அடையாளம். இந்த பஜாரோ, ஒரு கடையில் தும்மினால் அடுத்த கடையில் கஷாயம் வைக்கிற பஜார். அதனால் எங்களைப் போன்ற கடைக்காரக் குடும்பங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மறைக்க வேண்டியதையெல்லாம் கீழே கொண்டுபோய்விடுவோம். சேலத்தை நாங்கள் "கீழே" என்றுதான் சொல்வோம். நகையை அடகு வைப்பது கீழே, ஜோசியம் கேட்பது கீழே, வெளியே தெரியக் கூடாத வைத்தியம் கீழே. மாத்திரை அட்டையைக்கூட மேலே வாங்க மாட்டோம். நடுவில் இவ்வளவு பெரிய மலை இருக்கிறதே, கீழே சொன்னது எப்படி ஏறி வரும் என்று ஒரு தைரியம். எங்கள் பிள்ளைகளுக்கு வரன் வருவதும் கீழேயிருந்துதான் என்பதை எங்களில் ஒருத்தருமே யோசித்ததில்லை.

தெரிந்தவர் வீட்டுப் பெண்ணுக்கு நல்ல நரம்பு டாக்டர் வேண்டும் என்று குழுவில் கேட்டேன். "இன்பாக்ஸ் வாங்க கண்ணு" என்று அக்கா போட்டார். போனேன். தெரிந்தவராவது மண்ணாவது, என் பெண்தான் என்று கொட்டிவிட்டேன். டாக்டர் பேரைச் சொன்னதோடு அக்கா நிற்கவில்லை. நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்குகிற இடத்துக்கே வந்து காத்திருந்தார். அன்றைக்குத்தான் நேரில் முதல் தடவை பார்க்கிறேன். கிளினிக்கில் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பயப்படாத சாமி, நீ என் ஊட்டுப் புள்ளையாட்டம்" என்று மகளின் தலையைத் தடவினார். வெளியே வந்ததும், "இது நம்ம மூணு பேருக்குள்ளயே இருக்கட்டும்" என்றார். நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவராகவேதான் சொன்னார்.

மகள் மாத்திரையை ஒழுங்காகப் போட்டாள். மறுபடி வலிப்பு வரவே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் டாக்டரே மாத்திரையை நிறுத்திவிட்டார். அவளும் இங்கேயே ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். மலர்க் கண்காட்சிக்கு அக்கா குடும்பத்தோடு மேலே வந்தபோது சாப்பாடு எங்கள் வீட்டில்தான். என் கூடப் பிறந்தவளுக்குக்கூட நான் அப்படிப் பார்த்துப் பார்த்துப் பரிமாறியதில்லை.

அப்புறம் மகளுக்கே ஒரு பையனைப் பிடித்துப்போயிற்று. ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை, சொந்த ஊர் வாழப்பாடிப் பக்கம். லாட்ஜுக்குக் காபித்தூள் வாங்க எங்கள் கடைக்கு வந்து பழக்கம். தன்மையாகப் பேசுவான். ஒருநாள் மகள் சமையல்கட்டுக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"ம்மா, அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். சேலம் போற பஸ்ல பக்கத்துல உக்காந்து, மாத்திரை பேரு வரைக்கும் சொல்லிட்டேன்."

"அடியே, என்ன சொன்னாரு?"

"இதெல்லாம் ஒரு விசயமா, எங்க ஊட்டுல நான் பேசிக்கறேன்னு சொன்னாரும்மா."

முதல் தடவை விழுந்த நாளிலிருந்து அவள் தோளைக் குறுக்கிக்கொண்டுதான் நடப்பாள். அன்றைக்கு நிமிர்ந்து நின்றாள். அவளுக்கு வேண்டியிருந்தது கல்யாணம்கூட இல்லை என்று எனக்குத் தோன்றியது. எல்லாம் தெரிந்த பிறகும் நீதான் வேண்டும் என்று சொல்கிற ஒரு ஆள் வேண்டியிருந்தது. கிடைத்துவிட்டான் என்று நம்பினாள். நானும் நம்பினேன். அவனுடைய அம்மாவும் அக்காளும் வந்து பெண் பார்த்தார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள், பூ வைக்க நாள் குறித்தோம்.

முன்பெல்லாம் பெண் வீட்டைப் பற்றி விசாரிக்க வேண்டுமென்றால் மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருத்தர் டூரிஸ்ட் மாதிரி பஜாரில் நின்று டீ குடிப்பார். அப்படியே டீக்கடைக்காரரிடம், எதிர்க்கடைக்காரரிடம் பேச்சுக் கொடுப்பார். எங்களுக்கும் ஆளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இப்போது அதற்கும் போன்தான். ஒரு காலை கடை திறக்கிற நேரத்தில் குழுவைப் பார்க்கிறேன், பேர் காட்டாமல் யாரோ கேட்டிருக்கிறார்கள்: ஏற்காடு பஜாரில் காபித்தூள் கடைக் குடும்பம், பெண்ணுக்குப் பள்ளிக்கூட ஆபீசில் வேலை, என் தம்பிக்குப் பேசியிருக்கிறோம், குடும்பம் எப்படி, பெண் எப்படி, தெரிந்தவர்கள் சொல்லுங்கள் தோழிகளே.

பஜாரில் காபித்தூள் கடை பல உண்டு. பள்ளிக்கூட ஆபீசில் பெண் இருக்கிற கடை எங்கள் கடை ஒன்றுதான். மாப்பிள்ளையின் அக்காள் என்று புரிந்துபோயிற்று. கோபம் வரவில்லை, விசாரிக்கத்தானே செய்வார்கள். கீழே பதில்களைப் படித்தேன். தூள் நல்ல தூள், சிக்கரி கம்மிதான் என்று ஒருத்தி. அந்தம்மா நல்லவங்க, வாய்தான் கொஞ்சம் நீளம் என்று இன்னொருத்தி. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "உன்னைப் பத்தி ஊருக்கே தெரிஞ்சிருக்குது" என்று சிரித்தார். எல்லாவற்றுக்கும் கடைசியில் அக்கா எழுதியிருந்தார்: "இன்பாக்ஸ் வாங்க சிஸ்டர்."

நம்ம அக்கா, தனியாகக் கூப்பிட்டு நாலு வார்த்தை கூடுதலாகவே நல்லது சொல்லுவார் என்று நினைத்தேன். அதற்கு நான் ஒரு சிவப்பு ஹார்ட் போட்டேன். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், என் கையாலேயே போட்டேன்.

அந்த வாரமே பையனின் அம்மா போன் செய்தார். "ஏனுங்க, வலிப்பு வந்த புள்ளைய மறைச்சு எங்க தலையில கட்டப் பாத்தீங்களே, இது நாயமுங்களா? உங்ககூட டாக்டர்கிட்ட வந்தவங்களே சொல்லிப்போட்டாங்க" என்றார். உங்கள் பையனுக்குத் தெரியுமே என்று நான் வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டார்.

அக்காவுக்குப் போன் போட்டேன். எடுத்தார். எப்போதும் போல, "சொல்லு கண்ணு" என்றார்.

"என்னத்தைங்கக்கா சொன்னீங்க அவங்ககிட்ட?"

"கேட்டாங்க, சொன்னேன். இல்லாததைச் சொல்லல."

"நம்ம மூணு பேருக்குள்ள இருக்கட்டும்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"அது அப்போ கண்ணு. அந்தப் பொண்ணும் நம்ம குழுதானே. என்னைய நம்பிக் கேட்டுச்சு. நம்பிக் கேக்கறவங்களுக்குத் துரோகம் பண்ணச் சொல்றியா?"

வாய் நீளம் என்று ஊரே சொல்கிற எனக்கு, நான் நம்பிக் கேட்டது என்ன ஆயிற்று என்று அந்த நேரத்தில் கேட்கத் தோன்றவில்லை பாருங்கள். கிளினிக்கில் பிடித்த அந்தக் கை நடிப்பு என்று சொல்லிவிட்டால் சுலபமாகப் போயிருக்கும். நடிப்பு இல்லை. அன்றைக்கு என் கஷ்டத்தில் அவருக்கு நான் வேண்டியவள். இன்றைக்குக் கேள்வி கேட்டவள் வேண்டியவள். கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லியே பழகிய வாய், அதற்கு ஆள் முக்கியமில்லை. அவர் இன்றைக்கும் அந்தக் குழுவில் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார், எல்லாரும் கும்பிடு போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

மகளிடம் சொன்னபோது அவள் பதறவே இல்லை. "அவருக்குத்தான் தெரியுமேம்மா. அவரு சொல்லிப்பாரு. இருங்க" என்றாள். அவளே எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். அவன் இரண்டு நாளாக போனை எடுக்கவில்லை, வீட்டில் பேசிக்கொண்டிருப்பான் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மேலே வந்தார்கள். ஜாதகத்தைத் திருப்பிக் கொடுக்க. அம்மா, அக்காள், அவர்களுக்குப் பின்னால் அவன். கடையில் டூரிஸ்ட் கூட்டம். வீட்டுக்காரர் அப்படியே போட்டுவிட்டு உள்ளே வந்தார். மகள் நான் சொல்லாமலே நல்ல சுடிதார் ஒன்றைப் போட்டுக்கொண்டு சமையல்கட்டு நிலையில் நின்றாள்.

அந்தம்மா ஆரம்பிக்கும் முன்பே நான் ஆரம்பித்தேன். "நாங்க ஒண்ணையும் மறைக்கலைங்க. எம்பொண்ணு உங்க பையன்கிட்ட எல்லாத்தையும் சொன்ன பொறகுதான் நீங்க பொண்ணு பாக்கவே வந்தீங்க. இங்கதான நிக்கறாரு, கேளுங்க."

அந்தம்மா திரும்பினார். "ஏண்டா, உனக்குத் தெரியுமா?"

கடைப்பக்கம் யாரோ அரைக் கிலோ தூள் என்று குரல் கொடுத்தார்கள். வீட்டுக்காரர் அசையவில்லை. மகள் தலையைக் குனிந்துகொண்டாள், வெட்கப்படுகிற மாதிரி. அவன் சொல்லப் போகிற பதில் அவளுக்குத் தெரியும் என்பதால் வந்த வெட்கம் அது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. என்கிட்ட யாரும் சொல்லலை" என்றான்.

"பாத்தீங்களா" என்றாள் அவன் அக்காள்.

நான் என்னென்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. இனி வேறு வீட்டில் பெண் எடுக்கப் போகும்போது, உங்கள் தம்பியைப் பற்றி என்னிடமும் ஒரு வார்த்தை விசாரிக்கும்படி அந்தப் பெண் வீட்டாரிடம் சொல்லுங்கள் என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்து, "போகட்டும் உடு" என்றார். அவர்கள் ஜாதகத்தை டீவி மேல் வைத்துவிட்டுப் போனார்கள்.

மகள் இருந்த இடத்திலேயே நின்றாள். அழுவாள் என்று பக்கத்தில் போனேன். அழவில்லை.

"ம்மா, அவரு அதைச் சொன்னப்ப நான் கீழ பாத்துட்டு இருந்தேன். அவரு எங்க பாத்துச் சொன்னாரு?"

ஜன்னலைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், அவன் அம்மாவைப் பார்த்தான் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். அந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள் கேட்கும்போது எனக்குப் பொய் வரவில்லை.

"உன்னைத்தான் பாத்தான் கண்ணு" என்றேன்.