பதினோரு மணித் தண்ணீர்

என் சித்தி ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேறியது ஒரு வியாழக்கிழமை. வழியனுப்ப யாரும் எழுந்து வரவில்லை. இழுப்பறையில் கிடந்த சீப்பையும் மாத்திரைப் பட்டையையும் விட்டுவிட்டு, டீக்குத் தண்ணீர் சுடவைக்கும் கெட்டிலை மட்டும் அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

அந்த ஆய்வுக்கூடம் ஒரு மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் இருந்தது. சிறுநீரகக் கல்லை லேசர் ஒளியால் பொடியாக்கும் முறையை அங்கே சோதித்தார்கள். ஒளியைக் கூட்டினால் கல் சீக்கிரம் உடையும். ஆனால் சுற்றியுள்ள நீரும் சூடாகும். நாற்பத்து மூன்று டிகிரியைத் தாண்டினால் உள்ளே சதை வெந்துவிடும். எதுவரை கூட்டலாம் என்பதுதான் கேள்வி. சித்தி சுண்ண மாவைக் குழைத்து மொச்சைக்கொட்டை அளவில் செயற்கைக் கல் வார்ப்பாள். அதை ரப்பர் சிறுநீரகத்துக்குள் வைத்து வெந்நீர்த் தொட்டியில் அமிழ்த்துவாள். லேசர் ஓய்ந்ததும், உள்ளே ஏறிய உச்ச வெப்பத்தைத் தாளில் எழுதுவாள். அங்கே எல்லாருக்கும் அவள் ‘கல்லக்கா’.

சித்தப்பா பேருந்து ஓட்டுநர். குடித்தால் வழியில் எங்கே இறங்குவது என்று தண்ணீர் குடிக்காமலே இருந்து கல் சேர்த்தவர்.

“பொண்டாட்டி அங்க கல்லு செய்றா, புருஷன் இங்க கல்லு வளக்குறேன். சேந்து ஒரு கம்பெனி ஆரம்பிச்சிடலாம்,” என்பார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

புதிய லேசர் அளவு பாதுகாப்பானது என்று முடிவாகி, நோயாளிகளுக்குச் செய்யத் தொடங்கினார்கள். பட்டியலில் முதல் ஆளாக அவரைச் சேர்த்ததே சித்திதான்.

“ஒண்ணும் ஆகாதேடி?”

“ரெண்டு வருஷமா அளந்தவ சொல்றேன். ஒரு தடவகூட நாப்பத்திரண்டத் தாண்டல. பேசாம வாங்க.”

கல் அரைமணி நேரத்தில் பொடியானது. ஐந்தாம் மாதம் ஸ்கேன் எடுத்தபோது, சிறுநீர்க்குழாய் வெந்து சுருங்கி அடைத்திருந்தது. அந்தப் பக்கத்துச் சிறுநீரகம் ஊதிச் செத்துப்போயிருந்தது. மற்றது ஏற்கெனவே பாதிதான் வேலை செய்துகொண்டிருந்தது.

மறுநாள் பதினோரு மணிக்குச் சித்தி வழக்கம்போல் டீ போடப் போனாள். தொட்டியின் சூடேற்றிக்கும் கெட்டிலுக்கும் அந்தச் சுவரில் இருந்தது ஒரே பிளக். ஒன்றைப் பிடுங்கித்தான் மற்றதைச் செருக வேண்டும். ஏழு பேருக்கு டீ போட்டு, கோப்பை கழுவி, அன்றைய பத்துச் சோதனையையும் முடித்த பிறகே சூடேற்றியை மறுபடி செருகுவாள்; அதற்குள் மதியமாகிவிடும். சோதனைத் தாளில் ‘தொட்டி நீர் 37’ என்று அச்சடித்த கட்டம் உண்டு. ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் அளந்து டிக் போட வேண்டும். அவளோ காலையில் ஒருமுறை அளந்துவிட்டுப் பத்துக் கட்டத்துக்கும் சேர்த்துப் போட்டுவிடுவாள்.

அன்று மதியம், சூடேற்றியைச் செருகுவதற்கு முன் தொட்டிக்குள் கைவிட்டாள். வெதுவெதுப்புக்கூட இல்லை. வெப்பமானி இருபத்தொன்பது காட்டியது. எட்டு டிகிரி குறைவாகத் தொடங்கி எட்டிய நாற்பத்திரண்டு அது. மனித உடம்புக்குள் ஐம்பது.

ஆராய்ச்சியை நடத்திய பெரிய டாக்டரிடம் நேரே போய்ச் சொன்னாள்.

“ஒரு நாள் டீக்காக மூணு வருஷ ஆராய்ச்சியக் கொளுத்தச் சொல்றியா, கல்லக்கா?”

“ஒரு நாள் இல்ல சார். தினம்.”

“கட்டுரை வெளியாயிடுச்சு. அஞ்சு ஆஸ்பத்திரில செய்றாங்க. தப்பு உன்னோடதுன்னு எழுதிக் குடுத்தா உன் வேலதான் போகும்.”

“போகட்டும் சார். அந்த அளவ மட்டும் நிறுத்திடுங்க.”

எழுதிக் கொடுத்தாள். அவர் அதை மடித்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். வேலை போனது அந்த வியாழக்கிழமை.

வீட்டில் கெட்டிலை மேசைமேல் வைத்து எல்லாவற்றையும் சித்தப்பாவிடம் சொன்னாள். அவர் கெட்டிலின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார்.

“டீயாவது நல்லா இருந்துச்சாடி?”

அதற்குப் பிறகுதான் சித்தி அழுதாளாம்.

நாலு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பியபோது, சித்தப்பா வாரம் மூன்று நாள் டயாலிசிஸில் கிடந்தார். சித்தி மாதாமாதம் அதே கடிதத்தை அந்த மருத்துவமனைக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். பதில் இல்லை. பிறகு நான் தட்டச்சு செய்து கொடுத்தேன். அப்போதும் இல்லை. “எங்கயோ ஒருத்தர் இப்ப மேசைல ஏறிப் படுக்குறாரு,” என்பாள், சோற்றைப் பிசைந்தபடியே. பெரும்பாலும் சாப்பிடாமலே எழுந்து கை கழுவிவிடுவாள்.

சித்தப்பா ஒரு மழைக்கால விடியலில் போனார். அதற்குப் பிறகும் கடிதங்கள் போய்க்கொண்டிருந்தன.

பதினான்கு மாதம் கழித்து, பெரிய டாக்டர் ஓய்வுபெற்று அவர் அறைக்கு வேறொருவர் வந்தபின், சித்தியின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. கண்ணாடியைத் தேடி எடுத்தவள், போடாமல், “நீயே படி,” என்று போனை என்னிடம் நீட்டினாள். படித்தேன்.

“உங்கள் கடிதத்தின்படி தொட்டியை 37 டிகிரியில் வைத்து மறுபடி அளந்தோம். 50 வந்தது. அந்த லேசர் அளவை இன்று முதல் எல்லா மருத்துவமனைகளிலும் நிறுத்தியிருக்கிறோம். இதுவரை சிகிச்சை பெற்ற 412 பேரையும் வரிசையாக அழைத்துப் பரிசோதிக்கிறோம். பட்டியலில் உங்கள் கணவர் பெயர் முதலில் இருக்கிறது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவரை அழைத்து வரவும். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லவும்.”