அல்சேயைக் காட்டிக்கொடுத்த கோழி

அல்சே ஃப்யூசிலியேவுக்கு வாய்தான் சொத்து. லூசியானாவில் எங்கள் நெல்வயல் பக்கம் தவக்காலம் தொடங்க முந்தின நாளான மார்டி க்ரா அன்று முகமூடி போட்டுக்கொண்டு, ஒரு கேப்டன் தலைமையில் வீடு வீடாகக் கோழி கேட்டுப் போவோம். அவன் அடிக்கும் கேலியைக் கேட்கவே பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். அவன் வீட்டிலும் கை தாராளம். வருஷா வருஷம் அவன் மனைவி எல்மீர் இரண்டு கொழுத்த கோழிகளை மேலே வீசிவிடுவாள். துரத்திப் பிடிப்பது எங்கள் பாடு. மாலையில் எல்லாக் கோழியும் ஒரே அண்டாவில் கம்போ குழம்பாகும். ஊரே உட்கார்ந்து சாப்பிடும்.

அந்த வருஷம் அறுப்புக்கு முன் மழை கொட்டி அவன் நெல்லை அழுக வைத்துவிட்டது. கோழிகள் ஒவ்வொன்றாகச் சந்தைக்குப் போயின. மிஞ்சியது ஒரு சிவப்புக் கோழி. அது இடும் முட்டை அல்சேயின் காலைச் சாப்பாட்டுக்கு. எல்மீர் சோளமாவைக் கிளறிப் பால் ஊற்றிச் சாப்பிட்டுக்கொள்வாள்.

"கேப்டன்கிட்ட சொல்லி நம்ம வீட்டத் தாண்டிப் போகச் சொல்லுங்க" என்று முந்தின நாளே அவனிடம் சொல்லியிருக்கிறாள். இதைப் பிறகு அவளே என் மனைவியிடம் சொன்னாள். அவனும் தலையை ஆட்டியிருக்கிறான். ஊரையே கிழிக்கிற வாய்க்கு இதைச் சொல்ல மட்டும் வரவில்லை. வீம்பு பிடித்தவன்.

மறுநாள் அல்சே வீட்டு வாசலில் கேப்டன் தெலெஸ்மா வெள்ளைக் கொடியோடு முன்னால் போய், "மார்டி க்ராக்காரங்க உள்ள வரலாமாம்மா?" என்று கேட்டார்.

எல்மீர் திகைத்து நின்றாள். முகமூடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இந்த வருஷம் ஒண்ணும் இல்லீங்கண்ணே. மன்னிச்சுக்குங்க."

வெறுங்கையோடு அனுப்புகிற வீட்டைக் கிண்டலடிப்பது எங்கள் வழக்கம். ஆள் தெரியாமலிருக்கக் குரலைக் கீச்சென்று மாற்றிக்கொள்வோம். எந்த முகமூடிக்குள் அல்சே இருக்கிறான் என்று எங்களுக்கே தெரியாது. ஆனால் எந்த வீட்டிலும் முதல் கேலி அவனுடையதுதான். இங்கே அது எழாவிட்டால், தன் வீட்டு வறுமைக்குக் கூசி அவன் வாயடைத்து நிற்கிறான் என்று எல்லோருக்கும் விளங்கிவிடும்.

மஞ்சள் முகமூடி ஒன்று கீச்சிட்டது: "ஏ கஞ்ச மகராசி! கோழியப் பாவாடைக்குள்ள ஒளிச்சு வச்சுக்கிட்டு இல்லேங்கிறியா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

எல்மீர் கொல்லைக்குப் போனாள். சிவப்புக் கோழியோடு வந்து அதை மேலே வீசினாள். நாங்கள் பாயத் தயாரானோம். கோழி ஓடவில்லை. சாவகாசமாக நடந்து, நேரே மஞ்சள் முகமூடிக்காரன் காலடிக்கு வந்து, தீனி எங்கே என்பதுபோல் அவன் பூட்ஸைக் கொத்தியது. தினமும் சோளம் போடுகிறவனை அதற்குத் தெரியாதா?

சிரிப்பு அப்படியே அடங்கியது. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கட்டிய மனைவியை ஊர் முன்னால் ஏசிவிட்டு அவன் அங்கே நின்றான்.

கேப்டன் கொடியைத் தாழ்த்தினார். "கோழி இருக்கட்டும்மா. நாங்க கெளம்பறோம்."

"குடுத்தது குடுத்ததுதாண்ணே. அவரையே தூக்கிக்கச் சொல்லுங்க. அவர்கிட்டதான் அடம்புடிக்காமப் போவும்."

அல்சே குனிந்து தூக்கினான். கோழி அவன் கக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. அதன்பிறகு எந்த வீட்டிலும் அவன் வாயைத் திறக்கவில்லை. மாலையில் அவன் கிண்ணத்திலும் கம்போ ஊற்றினார்கள். அது ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான்.

மறுநாள் சாம்பல் புதன். சர்ச்சுக்கு அழைத்துப்போக அவன் வீட்டுக்குப் போனேன். எல்மீர் அவன் முன்னால் சோளமாவுக் கிளறலை வைத்தாள். பழக்கதோஷம், "முட்டை..." என்று ஆரம்பித்துவிட்டான்.

எல்மீர் திரும்பினாள். அதே கீச்சுக் குரலில், அப்படியே அவனைப்போல், "பாவாடைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கேன். தேடிப் பாருங்க" என்றாள்.

சர்ச்சில் நெற்றியில் சாம்பல் பூசும்போது, பாதிரியார் அவன் மோவாயைப் பிடித்து நிமிர்த்த வேண்டியிருந்தது.