கடைசி ஒன்பது நாள்

கீலுங் நகரப் பேருந்துக் கம்பெனியின் கணினி அறையில் லியாவ் சூ-சென் வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் வெளியே மழையும் விடவில்லை, உள்ளே டிஸ்க்கில் இடமும் போதவில்லை. எந்தப் பேருந்தின் கதவு எப்போது திறந்து மூடினாலும் ஒரே கோப்பில் ஒரு வரி ஏறிவிடும். புது டிஸ்க் கேட்டால் மேலிடத்துக்குக் காது கேட்காது. ஆகவே மாதம் ஒருமுறை அந்தக் கோப்பைக் குட்டையாக்குவது அவள் தலையெழுத்து.

அதற்கென்று இயங்குதளத்தில் ஒரு கட்டளை உண்டு. கோப்பின் பெயரையும் நீளத்தையும் கொடுத்தால் போதும், மிஞ்சியதை மறுபேச்சில்லாமல் வெட்டிவிடும். தொல்லை என்னவென்றால், அது தலையை வைத்துக்கொண்டு வாலை வெட்டும். புதிய பதிவுகள் இருப்பதோ வாலில். அதனால் வாலை வேறிடத்தில் நகலெடுத்த பிறகுதான் அவள் வெட்டுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவளுக்குக் காய்ச்சல். பாதி தின்ற பன்றிக்கறிச் சோறு மேசையில் ஆறிக்கிடந்தது. நகலெடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வெட்டினாள். எடுக்கவில்லை. கடைசி ஒன்பது நாள் பதிவு போயே போய்விட்டது.

மறுநாள் மத்தியானம் ஓட்டுநர் பான் தொப்பியில் மழைநீர் சொட்ட வந்து நின்றான். கோயில் நிறுத்தத்தில் கதவைத் திறக்காமலே போய்விட்டான் என்று ஒரு பயணி புகார் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை விசாரணை. நிரூபணமானால் வேலை போய்விடும்.

"திறந்தேன் அக்கா. ஞாயித்துக்கிழமை காலைல ஏழு பத்துக்கு. உங்க கோப்புல இருக்கும், பாத்துச் சொல்லுங்க."

அவள் எழுந்து பிரிவுத் தலைவர் கோவிடம் போனாள். முழுதும் கேட்டவர் நேரே சர்வர் அருகே போய், அதன் தலைமேல் இருந்த பச்சை நொறுக்குத்தீனிப் பொட்டலத்தை எடுத்துத் திருப்பினார். பச்சைப் பொட்டலம் இருந்தால்தான் இயந்திரம் சொன்னபடி கேட்கும் என்பது அந்த ஊர்க் கணினி அறைகளின் நம்பிக்கை. தேதி முடிந்த பொட்டலம் என்றால் வம்புதான்.

"பாரு, தேதி முடிஞ்சு நாலு நாளாச்சு! மெஷின் கோளாறுன்னு எழுதிடு. ஒருத்தனும் வாயத் தொறக்கமாட்டான்."

அவர் கேலி செய்யவில்லை. விசாரணைக் குழுவே அதை நம்பிவிடும். ஆனால் தொழிற்சங்க ஒப்பந்தப்படி, இயந்திரக் கோளாறு என்றால் பயணியின் சொல்தான் நிற்கும். கம்பெனி ஆளே பதிவை அழித்திருந்தால் ஓட்டுநரைத் தொட முடியாது. அழித்தவருக்குத்தான் பெருங்குற்றக் குறிப்பு.

"பொட்டலம் மேல பழி போடாதீங்க சார். நான்தான் வெட்டினேன். அப்படியே எழுதித் தர்றேன்."

"உனக்கு இது ரெண்டாவது குறிப்பு. மூணாச்சுன்னா வீட்டுக்குத்தான்."

"வீட்டுக்குப் போனா தூங்கவாவது செய்வேன்."

வெள்ளிக்கிழமை பானின் வேலை தப்பியது. சாயங்காலம் புதுப் பொட்டலம் ஒன்றோடு வந்து அதை சர்வர் மேல் வைத்தான். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"டிப்போல எல்லாரும் சிரிக்கிறானுங்க அக்கா. அதிர்ஷ்டக்காரன், தப்பிச்சுட்டான்னு. நான் நெசமாவே கதவத் திறந்தேன். நீங்களாவது நம்புறீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. பத்தொன்பது வருஷமாக, பார்த்ததை மட்டுமே சொல்லிப் பழகிய வாய்.

"தெரியல தம்பி," என்றாள். "உனக்காகச் சாட்சி சொல்ல இருந்தது ஒரே ஒரு வரி. அதத்தான் நான் வெட்டிட்டேன்."