நாசில் கசிந்த ஞாயிறு

டீசலும் முகப் பவுடரும் கலந்தால் ஒரு வாசனை வரும்; இனிப்பாகத் தொடங்கிக் கசப்பாகத் தொண்டையில் போய் நிற்கும். அதை நான் ஒரே ஒரு நாள்தான் முகர்ந்திருக்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயது. அன்றைக்குத்தான் என் வேலை போனது.

என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். ஜீவனஹள்ளியில் இருந்த எங்கள் ஒற்றை அறை வீட்டில் அப்பாவும் அம்மாவும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. நிலையான கம்பெனி டிரைவர் உத்தியோகத்தை அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டுவிட்டு, அப்பா ஒரு பழைய புல்டோசரை வாங்கிய நாளிலிருந்து அப்படி. "அரிசி இல்லன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்பாள் அம்மா, அவர் பக்கத்திலேயே நிற்கும்போது. "சாயங்காலம் வாங்கியாறேன்னு சொல்லு" என்பார் அவர். இரண்டையும் நான் திரும்பச் சொல்ல வேண்டும். அக்கம்பக்கத்தார் என்னைப் "போஸ்ட் ஆபீஸு" என்று கேலி செய்வார்கள். எனக்கோ பெருமை தாங்காது. நான் இல்லாமல் அந்த வீட்டில் ஒரு வாய்க் காபிகூட நகராது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு "டோசர்" நிற்கும் இடத்துக்குப் போய் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பவளும் நான்தான்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் ஹென்னூர்ப் பக்கம் ஒரு கவுடரின் நிலத்தை டோசர் சமன் செய்துகொண்டிருந்தது. "நாசில்" என்று நாங்கள் சொல்லும், என்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் இஞ்செக்டர்களின் மேல் டீசல் கசியத் தொடங்கி, என்ஜின் இருமி இருமி நின்றது. மெக்கானிக் வந்து எல்லா நட்டையும் இறுக்கிவிட்டுப் போன பிறகும் கசிந்தது. திங்கட்கிழமை வண்டி ஓடாவிட்டால் வேறு ஆளைக் கூப்பிடுவேன் என்று கவுடர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்த வேலை போனால் டோசரை விற்க வேண்டியதுதான் என்று அப்பா என்னிடம் முனகினார். அம்மாவிடம் சொல் என்று அவர் சொல்லவில்லை. நானாகத்தான் போய்ச் சொன்னேன்.

ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரோடு அம்மா அங்கே வந்து நின்றாள். என்ஜின் முழுக்க ஈரமாக இருந்ததால் கசிவு எங்கே ஆரம்பிக்கிறது என்று அப்பாவுக்குப் பிடிபடவில்லை. அம்மா கார்மென்ட்ஸில் சட்டைகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தாள். "எண்ணெய்க் கறை எங்க இருக்குன்னு தெரியலன்னா நாங்க பவுடர் போட்டுப் பாப்போம்னு சொல்லு" என்றாள். சொன்னேன். அப்பா என்ஜினைத் துடைத்துக் காயவைத்தார். அம்மா தன் கைப்பையிலிருந்த பவுடர் டப்பாவை எடுத்துத் தூவினாள். ஸ்டார்ட் செய்ததும், மூன்றாவது நாசிலின் தலையில், மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் மெல்லிய குழாய் சேரும் இடத்தில் மட்டும் வெள்ளை கறுத்தது.

"வாஷர்தான்!" என்றார் அப்பா. தேய்ந்து இறுகிப்போயிருந்த அந்தச் செம்பு வளையத்தை எதிர் டீக்கடை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுத்தார். அப்படிச் செய்தால் செம்பு இளகி நன்றாக உட்காருமாம். திரும்பப் பூட்டும்போது ஒருவர் அடியில் ஸ்பானரால் பிடிக்க, மற்றவர் மேலே இறுக்க வேண்டும். நான் பிடித்தேன். வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது.

"நீ தள்ளிக்கம்மா" என்றார் அப்பா என்னிடம். அம்மா என் கையிலிருந்து ஸ்பானரை வாங்கிக்கொண்டாள்.

"கெட்டியா புடி" என்றார், அவளைப் பார்த்தே.

"புடிச்சிட்டுதான் இருக்கேன். நீங்க அவசரப்படாம திருப்புங்க."

திரும்பச் சொல்வதற்காக வாயைத் திறந்தேன். சொல்ல எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

குழாயில் அடைந்திருந்த காற்றை வெளியேற்றும்போது டீசல் பீச்சி அம்மாவின் கன்னத்தில் அடித்தது. திட்டப் போகிறாள் என்று ஆசையாகக் காத்திருந்தேன். அவள் சிரித்தாள். அவரும் சிரித்து, அழுக்குத் துணியின் சுத்தமான நுனியைத் தேடி அவள் கன்னத்தைத் துடைத்தார். என் முகத்தில் எத்தனையோ தடவை கரி ஒட்டியிருக்கிறது. யாரும் நுனி தேடியதில்லை.

என்ஜின் சீராக ஓடியது. நாசில் தலை உலர்ந்தே இருந்தது. அம்மா கை துடைத்துக்கொண்டே கேட்டாள்: "இத விக்கப் போறீங்களாமே?"

"வேற என்ன பண்றது?"

"வாங்கறப்பதான் என்னக் கேக்கல. விக்கறப்பயாவது கேளுங்க."

அப்பா என்ஜினை அணைத்தார். பிறகு, "சரி, கேக்கறேன். விக்கட்டா?" என்றார்.

"வேணாம்."

திரும்பும்போது பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். நான் பின்னால், யாரோ ஒரு மீன்காரம்மாவின் கூடைக்குப் பக்கத்தில். வீடு வந்து கைகால் கழுவிக்கொண்டு வழக்கம்போல அடுப்பங்கரைக்குப் போய், "அப்பாவுக்குக் காபி வேணுமாம்" என்றேன். "அவரே கேட்டாரு, குடிச்சும் ஆச்சு" என்றாள் அம்மா. அன்று நான் சாப்பிடவில்லை. ஏன் என்று இருவரும் சேர்ந்தே கேட்டார்கள், அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கவுடரின் நிலத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள். டோசரும் பழைய இரும்பாகப் போய்விட்டது. இருவரும் கலந்து பேசித்தான் கொடுத்தார்கள், எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. போன வாரம் அவர்களைப் பார்க்கப் போனபோது, தலை நரைத்த இருவரும் ஏதோ ஒரு தெருக்காரரின் கல்யாண விருந்தைப் பற்றி விடாமல் வாதாடிக்கொண்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். "வாம்மா" என்று சொல்லிவிட்டு இருவரும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார்கள். இப்படி ஒரு வீடு கிடைத்ததற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியும்; சந்தோஷமும்தான். வயிறு மட்டும் இன்னும் எரிகிறது.